திறந்திருக்கும் எட்டு ஃபைல்களுக்குள் சட்டென்று மாறுவது எப்படி?

மைத்துளி:

எல்லோருக்கும் வணக்கம். விண்டோஸ் கணினியில் படங்களைத் திருத்தும் போட்டோஷாப்பும் வரைவதற்கான இல்லஸ்ட்ரேட்டரும்தான் எனக்கு அன்றாட வேலை. ஒரே விளம்பரத்தை ஏழெட்டு அளவுகளில் செய்து தர வேண்டியிருக்கும். நின்ற வாக்கில் ஒன்று, படுத்த வாக்கில் ஒன்று, சதுரம் ஒன்று, நீளப் பட்டையாக ஒன்று என்று எல்லாம் தனித்தனி ஃபைல், எல்லாமே ஒரே நேரத்தில் திறந்து கிடக்கும். ஒன்றில் தலைப்பைக் கொஞ்சம் பெரிதாக்கினால் மற்ற ஏழிலும் போய்ப் பார்த்தாக வேண்டும், லோகோவுக்கும் தலைப்புக்கும் நடுவே விட்ட இடைவெளி எல்லாவற்றிலும் ஒரே மாதிரி தெரிகிறதா என்று கண்ணால் ஒத்துப் பார்த்தால்தான் மனம் ஒப்புகிறது.

ஒவ்வொரு தடவையும் மவுஸை மேலே டேப் பட்டைக்குக் கொண்டுபோய், எது எது என்று படித்து, கிளிக் செய்து, மறுபடி கீழே வந்து விட்ட இடத்தைத் தேட வேண்டியிருக்கிறது. டேப்களில் பெயரும் முழுதாகத் தெரிவதில்லை. வாடிக்கையாளர் பெயர், மாதம், வேலையின் பெயர் எல்லாம் முன்னால் நின்று, எனக்கு வேண்டிய அளவு மட்டும் கடைசியில் வெட்டுப்பட்டுப் போகிறது. எட்டும் ஒரே பெயராகத்தான் கண்ணில் படுகிறது.

கண்ட்ரோல் + டேப் கீ தெரியும். ஆனால் அது வரிசையாகச் சுற்றி வருகிறது. எட்டு ஃபைலில் இரண்டாவதிலிருந்து ஆறாவதுக்குப் போக நாலு தட்டு, திரும்பி வரவும் நாலு, எந்தப் பக்கம் சுற்றினாலும் அதே கணக்கு. நடுவில் வரும் ஒவ்வொரு ஃபைலும் திரையில் விரியும் வரை காத்திருக்கவும் வேண்டும். ஆல்ட் + டேப் அடித்தால் கடைசியாக இருந்த புரோகிராமுக்கே திரும்புமே, அது மாதிரி கடைசி இரண்டு ஃபைல்களுக்குள் மாறி மாறிப் போக வழி உண்டா? இல்லையென்றால் நேராக ஆறாவது ஃபைலுக்குப் போக ஒரு கீ?

இவ்வளவு வற்புறுத்திக் கேட்கக் காரணம் இருக்கிறது. போன வாரம் சதுர ஃபைலில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, நின்ற வாக்கு ஃபைலில் பின்னணியை அழித்து, மூன்று லேயர்களை (படத்தின் தனித்தனி அடுக்குகளை) ஒன்றாக்கி, சேவ் செய்து மூடிவிட்டேன். சாயங்காலம் எல்லாவற்றையும் அனுப்பப் போகும்போதுதான் தெரிந்தது. செய்ததை மாற்றிப் பின்னால் போக உதவும் ஹிஸ்டரி மூடிய ஃபைலுக்கு ஏது? அந்த ஒரு ஃபைலை முதலிலிருந்து கட்டி எழுப்ப ஒன்றரை மணி நேரம் ஆனது. அதனால் வேகம் மட்டும் இல்லை, எங்கே இருக்கிறேன் என்பது தெரியவும் வேண்டும்.

அடுக்குத்தாள்:

மைத்துளி, முதலில் கீ விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். போட்டோஷாப்பில் கண்ட்ரோல் + டேப் முன்னோக்கி, அதோடு ஷிஃப்டையும் சேர்த்தால் பின்னோக்கி. இல்லஸ்ட்ரேட்டர், பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் இரண்டிலும் கண்ட்ரோல் + எஃப்6. இந்த எஃப்6 எங்கிருந்து வந்தது என்று பலருக்குத் தெரியாது, ஒரு பெரிய விண்டோவுக்குள் பல சின்ன விண்டோக்கள் திறக்கும் பழைய விண்டோஸ் முறையில் அடுத்த சின்ன விண்டோவுக்குப் போகும் கீ அது. அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான் கண்ட்ரோல் + எஃப்4, திறந்திருக்கும் ஃபைலை மட்டும் மூடும். ஆல்ட் + எஃப்4 என்றால் புரோகிராமே மூடிக்கொள்ளும், அதனால் கை மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மடிக்கணினியில் எஃப் வரிசை ஒலி, வெளிச்சம் கூட்டவும் குறைக்கவும் வைத்திருந்தால் எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டும், மூன்று விரல் வேலை ஆகிவிடும். இன்டிசைனிலும் இல்லஸ்ட்ரேட்டரிலும் எடிட் மெனுவில் கீபோர்டு ஷார்ட்கட்ஸ் போய் உங்களுக்கு எட்டும் கீயாக மாற்றிக்கொள்ளலாம்.

கடைசி இரண்டுக்குள் மட்டும் மாறுவது என்று நீங்கள் கேட்டது போட்டோஷாப்பில் நேரடியாகக் கிடையாது. ஆல்ட் + டேப், எதைக் கடைசியாகத் தொட்டீர்களோ அதை மேலே வைத்து அடுக்கிக்கொண்டே வரும். கண்ட்ரோல் + டேப்புக்கு அந்த ஞாபகம் இல்லை, அதற்குத் தெரிந்தது வரிசை ஒன்றுதான். ஆகவே வரிசையை நாம்தான் நமக்குத் தோதாக அமைக்க வேண்டும். அடிக்கடி ஒத்துப் பார்க்கும் இரண்டு ஃபைல்களை அடுத்தடுத்துத் திறங்கள். பிறகு கண்ட்ரோல் + டேப் அடித்தால் அது, ஷிஃப்ட் சேர்த்து அடித்தால் இது. நடுவிரல் டேப் கீயிலேயே இருக்கட்டும், சுண்டு விரல் கண்ட்ரோலில், மோதிர விரல் ஷிஃப்டைத் தொட்டும் விட்டும் வரட்டும். இரண்டு நாள் பழகினால் கை தானாகச் செய்யும். வேலையைத் தொடங்கும்போதே ஒருமுறை முழுச் சுற்றும் தட்டிப் பார்த்து, வரிசை நினைத்தபடி இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்வது நல்லது.

நேராக ஆறாவது ஃபைல் என்பதை, படம் திருத்தும் இன்னொரு மென்பொருளான கிம்ப் அழகாகச் செய்கிறது. அதில் ஆல்ட் + 1 முதல் படம், ஆல்ட் + 2 இரண்டாவது, இப்படியே ஆல்ட் + 9 வரை, பத்தாவதுக்கு ஆல்ட் + 0. விண்டோஸ் மெனுவைத் திறந்தால் எந்தப் படத்துக்கு எந்த எண் என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும். வரையும் மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் கண்ட்ரோல் + டேப் ஒவ்வொரு வரைபட விண்டோவாகக் கொண்டுபோகும்.

அப்புறம், டேப் பட்டையின் வலது ஓரத்தில் இரட்டை அம்பு மாதிரி ஒரு குறி தெரியும், இடம் போதாமல் மறைந்த ஃபைல்கள் எல்லாம் அதற்குள் பட்டியலாக இருக்கும். விண்டோ மெனுவின் அடிப்பகுதியிலும் திறந்திருக்கும் எல்லா ஃபைல் பெயரும் வெட்டுப்படாமல் முழுதாக வரும்.

நேர்கோடு:

அடுக்குத்தாள் கீ எல்லாம் சொல்லிவிட்டார், நான் பெயர் விஷயத்துக்கு வருகிறேன். மைத்துளி ஃபைலை மாற்றி அழித்ததற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

போட்டோஷாப் டேப்பை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். ஃபைல் பெயர், அதன் பின்னால் ஜூம் சதவீதம், பிறகு அடைப்புக்குறிக்குள் நீங்கள் நிற்கும் லேயரின் பெயர், நிறம் திரைக்கான ஆர்ஜிபியா அச்சுக்கான சிஎம்ஒய்கேயா, ஒவ்வொரு நிறத்துக்கும் எட்டு பிட்டா பதினாறு பிட்டா என்பது, கடைசியில் சேவ் செய்யாத மாற்றம் இருந்தால் ஒரு நட்சத்திரக் குறி. இத்தனையும் ஒரு சின்ன டேப்பில் அடங்க வேண்டும், எட்டு ஃபைல் திறந்தால் எங்கே இடம்? ஆகவே கண்ணுக்கு உறுதியாகத் தெரியப்போவது பெயரின் முதல் ஏழெட்டு எழுத்துகள்தான். ஒரு ஃபைலை இன்னொரு ஃபைலிலிருந்து பிரித்துக் காட்டும் சொல் எதுவோ அது முன்னால் வர வேண்டும். வாடிக்கையாளர் பெயரும் மாதமும் ஃபோல்டரின் பெயரில் இருந்தால் போதும், ஃபைல் பெயர் "01_சதுரம்", "02_நின்றது", "03_பட்டை" என்றே தொடங்கட்டும். முன்னால் எண் இருப்பதில் இன்னொரு லாபம், ஃபோல்டரில் அந்த வரிசையிலேயே அடுக்கி நிற்கும், திறக்கும்போதும் எது எதற்கு அடுத்தது என்று யோசிக்க வேண்டியதில்லை.

லேயர் பெயரும் அங்கே தெரிகிறது என்பதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். எல்லா ஃபைலிலும் "லேயர் 3 காப்பி" என்றே இருந்தால் அந்த இடம் வீண். சதுர ஃபைலின் பின்னணி லேயருக்கு "சதுரம் பின்னணி" என்று பெயர் வைத்தால், அழிக்கப் போகும் நொடியில் டேப்பிலும் லேயர் பேனலிலும் இரண்டு இடத்தில் அந்தச் சொல் கண்ணில் படும்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதை யாரும் சொல்லவில்லையே. ஒத்துப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் மாறி மாறிப் போவதே தேவையில்லை. விண்டோ மெனுவில் அரேஞ்ச் என்பதற்குள் போனால் இரண்டாக, மூன்றாக, நான்காகத் திரையைப் பிரித்து வைக்கலாம். பிரித்த பிறகு அதே இடத்தில் மேட்ச் ஜூம் அண்ட் லொகேஷன் கொடுத்தால் எல்லா ஃபைலும் ஒரே பெரிதாக்கலில், ஒரே இடத்தைக் காட்டி நிற்கும். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு கைக் கருவியால் ஒன்றை நகர்த்தினால் மற்றவையும் கூடவே நகரும். லோகோ ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று நாலு ஃபைலிலும் ஒரே பார்வையில் பார்த்துவிடலாம். முடிந்ததும் கன்சாலிடேட் ஆல் டு டேப்ஸ், பழையபடி எல்லாம் டேப்பாகிவிடும்.

மைத்துளி:

இரண்டு பேருக்கும் நன்றி. நேற்று ராத்திரியே பெயர்களை மாற்றிவிட்டேன். உண்மையிலேயே பெரிய வித்தியாசம், இத்தனை வருடமாக வாடிக்கையாளர் பெயரை முன்னால் போட்டு எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இரண்டு சந்தேகம். ஒன்று, கண்ட்ரோல் + டேப் அடித்தால் சில ஃபைல் உடனே வருகிறது, சில ஃபைல் ஒரு வினாடிக்கு மேல் எடுத்துக்கொண்டு மெதுவாகத் தெளிகிறது. முக்கியமாக அச்சுக்குப் போகிற ஏ3 ஃபைல். இது கணினிக் கோளாறா? இரண்டாவது, தமிழில் தட்டச்சு செய்துவிட்டு அப்படியே வேலைக்கு வந்தால் சில ஷார்ட்கட்கள் வேலை செய்வதில்லை, கண்ட்ரோல் + டேப் மட்டும் வேலை செய்கிறது. மற்றதெல்லாம் ஏன் இல்லை?

அடுக்குத்தாள்:

இரண்டாவது சுலபம். தமிழ் விசைப்பலகை இயக்கத்தில் இருக்கும்போது வி என்ற கீயை அழுத்தினால் கணினிக்குப் போவது ஆங்கில எழுத்து இல்லை, ஒரு தமிழ் எழுத்து. நகர்த்தும் கருவிக்கு ஆங்கில வி வேண்டும் என்று காத்திருக்கும் மென்பொருளுக்கு அது புரியாமல் போகலாம். டேப் கீயும் எஃப்6-உம் எழுத்துக் கீ இல்லை, எந்த மொழி இருந்தாலும் அவை அவைதான், அதனால் தப்பிக்கின்றன. விண்டோஸ் கீ + ஸ்பேஸ் தட்டி ஆங்கிலத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். விண்டோஸ் அமைப்புகளில் கீபோர்டு பகுதியின் மேம்பட்ட அமைப்புகளுக்குள் போனால், ஒவ்வொரு விண்டோவுக்கும் தனித்தனி மொழி வைத்துக்கொள்ள ஒரு தேர்வு உண்டு. அதை இயக்கிவிட்டால் தட்டச்சு செய்யும் விண்டோவில் தமிழும் வரையும் விண்டோவில் ஆங்கிலமும் நிலைத்து நிற்கும், மாற்றி மாற்றித் தட்ட வேண்டாம்.

முதல் கேள்விக்குக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஏ3 தாள் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் 3508க்கு 4961 பிக்சல், அதாவது 1 கோடியே 74 லட்சம் பிக்சல். எட்டு பிட் ஆர்ஜிபியில் ஒரு பிக்சலுக்கு மூன்று பைட், ஆக முழுத் தாளையும் நிரப்பிய ஒரே ஒரு லேயர் சுமார் 50 எம்பி. சிஎம்ஒய்கேயில் நாலு பைட், சுமார் 66 எம்பி. அப்படிப் பத்து லேயர், அப்படி எட்டு ஃபைல் என்று பெருக்கிப் பாருங்கள், அதன் மேல் ஹிஸ்டரியில் சேர்ந்த பழைய நிலைகள் வேறு. நினைவகம் நிறைந்தால் மிச்சத்தை வட்டில் தற்காலிகமாக எழுதி வைத்து, நீங்கள் அந்த ஃபைலுக்குத் திரும்பும்போது அங்கிருந்து எடுத்து வர வேண்டியிருக்கிறது. அந்த ஒரு வினாடி அதனால் வருவதாக இருக்கலாம்.

சந்தேகம் தீர ஒரு வழி. ஃபைலின் அடியில் இடது ஓரத்தில் அளவு காட்டும் இடம் இருக்கிறது, பக்கத்து அம்பை அழுத்தி எஃபிஷியன்சி என்பதைத் தேர்ந்தெடுங்கள். நூறு சதவீதம் காட்டினால் எல்லாம் நினைவகத்துக்குள் நடக்கிறது. அதற்குக் கீழே இறங்கினால் வட்டைத் தேடிப் போகிறது என்று அர்த்தம். அப்போது தேவையில்லாத ஃபைல்களை மூடுங்கள், எடிட் மெனுவில் பர்ஜ் கொடுத்து கிளிப்போர்டு, ஹிஸ்டரி ஆகியவற்றைக் காலி செய்யலாம். ஆனால் ஹிஸ்டரியைக் காலி செய்தால் பின்னால் போக முடியாது, அதை ஞாபகம் வைத்துக்கொண்டு செய்யுங்கள். அப்படித் தற்காலிகமாக எழுதும் வட்டை, அதாவது ஸ்க்ராட்ச் டிஸ்க்கை, வேகமான எஸ்எஸ்டிக்கு மாற்றினாலும் நல்ல பலன் தெரியும்.

வரைபலகை:

நான் ஆட்டோகேட் ஆள், கட்டட வரைபடம். எங்களுக்கும் இதே தலைவலிதான், தரைத்தளம், மேல்தளம், வெட்டுத் தோற்றம் என்று நாலைந்து ஃபைல் எப்போதும் திறந்திருக்கும். ஆட்டோகேட்டில் கண்ட்ரோல் + டேப் வரைபடம் விட்டு வரைபடம் போகும். 2014 பதிப்பில் மேலே ஃபைல் டேப் வந்தது, அதன் மேல் சுட்டியை வைத்தால் மாடல் என்ற வரையும் பரப்பும் லேஅவுட் என்ற அச்சுப் பக்கங்களும் சின்னப் படமாகத் தெரியும். கிளிக் செய்யாமலேயே இது எந்த வரைபடம் என்று பார்த்துக்கொள்ளலாம். பெயரைப் படிப்பதைவிடப் படத்தைப் பார்த்து அடையாளம் காண்பது எனக்கு எப்போதும் வேகம். டேப் பட்டை காணாமல் போயிருந்தால் ஃபைல்டேப் என்ற கட்டளையைத் தட்டினால் திரும்ப வரும்.

மேக் கணினிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. கமாண்ட் + டேப் புரோகிராம்களுக்கு நடுவே மட்டும்தான் மாற்றும். ஒரே புரோகிராமின் விண்டோக்களுக்குள் மாற கமாண்டோடு டேப் கீக்கு மேலே இருக்கும் சாய்ந்த கோட்டுக் கீ, அமெரிக்க விசைப்பலகையில் எண் ஒன்றுக்கு இடது பக்கம் இருப்பது. வேறு நாட்டு விசைப்பலகையில் அந்தக் கீ வேறு இடத்தில் இருக்கும், அப்போது சிஸ்டம் அமைப்புகளில் கீபோர்டு ஷார்ட்கட்களுக்குள் அடுத்த விண்டோவுக்குப் போவது என்ற வரியைத் தேடிப் பிடித்து வசதியான கீயைக் கொடுத்துவிடலாம். மேக் போட்டோஷாப்பில் கண்ட்ரோல் + டேப்பும் வேலை செய்யும்.

என் சொந்தப் பழக்கம் ஒன்று. மவுஸின் பக்கவாட்டில் கட்டை விரலுக்கு இரண்டு பொத்தான்கள் இருக்கின்றன. உலாவியில் முன்னால், பின்னால் போகத்தான் பலரும் அவற்றை வைத்திருப்பார்கள். மவுஸோடு வந்த மென்பொருளில் ஒன்றுக்குக் கண்ட்ரோல் + டேப், மற்றதற்குக் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + டேப் என்று கொடுத்துவிட்டேன். வலது கை இருக்கும் இடத்தை விட்டு நகராமல், கண்ணும் வரைபடத்தை விட்டு நகராமல் பக்கத்து ஃபைலுக்குப் போய் வந்துவிடலாம். பேனா டேப்லெட் வைத்திருப்பவர்கள் அதன் ஓரத்துப் பொத்தான்களுக்கும் இதையே கொடுக்கலாம். கண் நகராமல் இருப்பதுதான் பெரிய விஷயம், இரண்டு ஃபைலுக்கும் ஒரே ஜூம் கொடுத்துவிட்டு இப்படி மாற்றினால் அரை மில்லிமீட்டர் நகர்ந்திருந்தாலும் அது துள்ளுவது போல் தெரியும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த அளவு சின்ன வித்தியாசம் கண்ணில் படாது. நேர்கோடு கோபித்துக்கொள்ள வேண்டாம், இரண்டுக்கும் அதனதன் இடம் உண்டு.

நேர்கோடு:

கோபம் எதற்கு, சரியாகத்தான் சொல்கிறீர்கள். இடைவெளி, சமநிலை மாதிரி மொத்தமாகப் பார்ப்பதற்குப் பிரித்து வைப்பது நல்லது, நுணுக்கமான நகர்வைக் கண்டுபிடிக்க மாற்றிப் பார்ப்பதுதான் வழி. நான் விட்டுவிட்டேன்.

வண்ணக்கோலம்:

எல்லாம் படித்தேன். மைத்துளி, உங்கள் கேள்வியைத் திரும்பப் படித்தபோது எனக்குத் தோன்றியது வேறு. ஒன்றில் தலைப்பை மாற்றினால் மற்ற ஏழிலும் போய் மாற்ற வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஏழு பயணத்தையே ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்?

லோகோ, தலைப்பு, பொருளின் படம் என்று எட்டு ஃபைலுக்கும் பொதுவானது எதுவோ அதைத் தனி ஃபைலாகச் சேவ் செய்யுங்கள். பிறகு ஒவ்வொரு அளவுக்கும் போய் ஃபைல் மெனுவில் பிளேஸ் லிங்க்டு கொடுத்து அதை உள்ளே வையுங்கள். லேயர் படத்தின் மூலையில் சங்கிலி மாதிரி ஒரு சின்னக் குறி விழும். இனி தலைப்பை மாற்ற வேண்டும் என்றால் அந்த லேயரை இரண்டு முறை கிளிக் செய்தால் மூல ஃபைல் திறக்கும், மாற்றி, சேவ் செய்தால் திறந்திருக்கும் எட்டிலும் மாறிவிடும். அப்போது மூடியிருந்த ஃபைலைப் பின்னால் திறக்கும்போது அந்தக் குறியில் எச்சரிக்கை காட்டும், லேயர் மெனுவில் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்ஸ் பகுதியில் அப்டேட் ஆல் மாடிஃபைடு கன்டென்ட் கொடுத்தால் சரியாகும். மூல ஃபைலை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினால் இணைப்பு அறுந்துவிடும், அதனால் எட்டு ஃபைலோடு ஒரே ஃபோல்டரில் அதற்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள்.

ஒரு லேயரை மட்டும் இன்னொரு ஃபைலுக்கு அனுப்பத்தான் மாறுகிறீர்கள் என்றால் அதற்கும் மாற வேண்டியதில்லை. லேயர் மேல் வலது கிளிக், டுப்ளிகேட் லேயர், வருகிற பெட்டியில் டெஸ்டினேஷன் என்ற இடத்தில் திறந்திருக்கும் எல்லா ஃபைல் பெயரும் இருக்கும், வேண்டியதைத் தேர்ந்தெடுத்து ஓகே. இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு ஏழு ஃபைலுக்கும் அனுப்பிவிடலாம். பெயர்களை 01, 02 என்று மாற்றியது இங்கேயும் கைகொடுக்கும்.

இழுத்துப் போடுகிறவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு, இதில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். லேயரை நகர்த்தும் கருவியால் பிடித்து மற்ற ஃபைலின் டேப் வரை இழுத்துப் போனதும் அங்கே விரலை விட்டுவிடுவார்கள், எதுவும் நடக்காது. டேப்பின் மேல் பிடித்தபடியே ஒரு கணம் நிற்க வேண்டும், அந்த ஃபைல் திரையில் விரியும், பிடியை விடாமல் கீழே படத்துக்குள் இறங்கி, அங்கே விட வேண்டும். விடும்போது ஷிஃப்ட் அழுத்தியிருந்தால், இரண்டு ஃபைலும் ஒரே அளவு என்றால் பழைய இடத்திலேயே உட்காரும், அளவு வேறு என்றால் நடுவில் உட்காரும்.

இல்லஸ்ட்ரேட்டர் வேலையாக இருந்தால் எட்டு ஃபைலே வேண்டாம். ஒரே ஃபைலுக்குள் எட்டு ஆர்ட்போர்டு, அதாவது தனித்தனி வரைபக்கம், போடுங்கள். 2008இல் வந்த சிஎஸ்4-இலிருந்தே இந்த வசதி இருக்கிறது. எல்லாம் ஒரே பரப்பில் கண்முன்னே கிடக்கும், ஜூமைக் குறைத்தால் எட்டையும் சேர்த்துப் பார்க்கலாம், முடிந்ததும் ஒவ்வொன்றையும் தனி ஃபைலாக ஏற்றுமதி செய்யலாம். போட்டோஷாப்பிலும் 2015இலிருந்து ஆர்ட்போர்டு உண்டு. ஆனால் அச்சுக்கான பெரிய படங்களை அப்படி ஒரே ஃபைலில் குவிக்க நான் சொல்ல மாட்டேன், அடுக்குத்தாள் போட்ட கணக்கு மொத்தமும் ஒரே ஃபைலின் தலையில் விழும், சேவ் ஆகவே நேரம் பிடிக்கும். திரைக்கான சின்ன அளவுகளுக்குத் தாராளமாகச் செய்யலாம்.

மைத்துளி:

வண்ணக்கோலம், இந்த லிங்க்டு விஷயத்தைக் காலையில் செய்து பார்த்தேன். லோகோவை மூல ஃபைலில் மாற்றி சேவ் செய்ததும் எட்டிலும் மாறியதைப் பார்த்தபோது அப்படி ஒரு நிம்மதி. போன வாரம் இது தெரிந்திருந்தால் அந்த ஃபைலுக்குள் போயே இருக்க மாட்டேன்.

ஆனாலும் சில ஃபைலுக்கு நேராகத் தாவ வேண்டிய தேவை மிச்சம் இருக்கிறது, முக்கியமாகச் சதுரத்துக்கு, அதுதான் எனக்கு அளவுகோல், எந்தச் சந்தேகம் வந்தாலும் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன். போட்டோஷாப்பில் அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும் ஒரு கீ வைக்க வழியே இல்லையா?

அடுக்குத்தாள்:

இருக்கிறது, கொஞ்சம் சுற்று வழி. போட்டோஷாப் ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியைப் புரிந்துகொள்ளும், அதில் எழுதும் சின்ன நிரல்தான் ஸ்கிரிப்ட். திறந்திருக்கும் ஃபைல்களின் பட்டியலை ஸ்கிரிப்ட் படிக்கும், எது முன்னால் நிற்க வேண்டும் என்று மாற்றவும் செய்யும். ஆகவே திறந்திருக்கும் ஃபைல்களை ஒவ்வொன்றாகப் பார், பெயர் 01 என்று தொடங்கினால் அதை முன்னால் கொண்டு வா என்று நாலைந்து வரியில் எழுதிவிடலாம். ஜேஎஸ்எக்ஸ் ஃபைலாகச் சேவ் செய்து, போட்டோஷாப் நிறுவிய ஃபோல்டரில் பிரீசெட்ஸ் என்பதற்குள் ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டரில் போட்டு, போட்டோஷாப்பை மூடித் திறந்தால் ஃபைல் மெனுவில் ஸ்கிரிப்ட்ஸ் என்ற இடத்தில் அது வந்து நிற்கும். பிறகு எடிட் மெனுவில் கீபோர்டு ஷார்ட்கட்ஸ் திறந்து, ஃபைல் மெனுவின் கீழ் அந்த ஸ்கிரிப்ட் பெயரைத் தேடி ஒரு கீ கொடுத்துவிடுங்கள். ஸ்கிரிப்டுக்கு "சதுரத்துக்குப் போ" என்றே பெயர் வைத்தாலும் தேட எளிது.

ஃபைலின் முழுப் பெயரைக் கொடுக்காமல் 01 என்ற தொடக்கத்தை மட்டும் சரிபார்ப்பதுதான் இதில் முக்கியம். அப்படிச் செய்தால் நாளைக்கு வேறு வாடிக்கையாளரின் வேலையைத் திறந்தாலும் அதே கீ அங்கே இருக்கும் 01-க்குப் போகும், ஒவ்வொரு வேலைக்கும் ஸ்கிரிப்டைத் திருத்த வேண்டாம். இரண்டு வாடிக்கையாளர் வேலையை ஒரே நேரத்தில் திறந்து வைக்காதீர்கள், இரண்டு 01 இருந்தால் பட்டியலில் முதலில் வருவதற்குப் போய்விடும். எழுதி வைத்திருக்கிறேன், தனிச் செய்தியில் அனுப்புகிறேன்.

மைத்துளி:

கிடைத்தது, நன்றி. கண்ட்ரோல் + ஆல்ட் + ஷிஃப்ட் சேர்த்து ஓர் எண் கொடுத்திருக்கிறேன், நன்றாக வேலை செய்கிறது. ஒரே ஒரு கேள்வி, முழுத்திரையில் வேலை செய்யும்போது டேப் பட்டையே தெரியாதே, அப்போது எந்த ஃபைலில் நிற்கிறேன் என்று எப்படித் தெரியும்?

வண்ணக்கோலம்:

முழுத்திரையில் கண்ட்ரோல் + டேப் வேலை செய்யும், பெயர்தான் தெரியாது. ஆங்கில எஃப் எழுத்துக் கீயை மறுபடி தட்டினால் சாதாரண நிலைக்குத் திரும்பும், பெயரைப் பார்த்துக்கொண்டு மறுபடி போகலாம். நான் வேறு மாதிரி செய்கிறேன். ஒவ்வொரு ஃபைலிலும் எல்லா லேயருக்கும் மேலே ஒரு சின்ன எழுத்து லேயர், இடது மேல் மூலையில் "01 சதுரம்" என்று கொட்டை எழுத்தில், வேலையில் எங்கும் வராத ஒரு பளிச்சென்ற நிறத்தில். ஏற்றுமதிக்கு முன் அதன் கண் குறியை அணைத்துவிடுவேன். லேயர் பேனலில் அதற்குச் சிவப்பு அடையாளமும் கொடுத்து வைத்திருக்கிறேன், அணைக்க மறந்தால் பேனலைத் திறந்ததும் அதுதான் முதலில் கண்ணில் படும்.